நாரைத் தலையும் சோளகக் காற்றும்

பழைய சைக்கிள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று யாராவது கூட்டிப்போனால், நான் முதலில் குனிந்து பார்ப்பது செயின்வீலைத்தான். முன்குழாயில் அடித்த தகட்டைக் கழற்றி வேறொன்றை அடித்துவிடலாம். மட்காட்டில் எந்தப் பெயரையும் எழுதலாம். செயின்வீலை மாற்ற மெனக்கெடுபவர்கள் குறைவு. அதன் வட்டத்துக்குள் நாரைகள் கழுத்து நீட்டி நின்றால் அது றலி. சின்னஞ்சிறு மனிதர்கள் ஐந்து பேர் கைகால் விரித்து நின்றால் ஹம்பர். விரித்த உள்ளங்கை ஒன்று தெரிந்தால் றட்ஜ். ஓர் இரும்புச் சக்கரத்துக்குள், பாரம் தாங்கும் கைகளையே உருவங்களாக வெட்டிவைத்த அந்தக் காலத்து வடிவமைப்பாளரை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான். உருவத்தை எடுத்துவிட்டால் சக்கரமே நிற்காது. அலங்காரமும் வேலையும் ஒன்றாகவே இருந்த காலம் அது.

மானிப்பாய்ச் சந்தியில் ஒருகாலத்தில் பெரியவர்களுக்குள் நடந்த வாக்குவாதம் ஒன்றுண்டு: ஹம்பர் திறமா, றலி திறமா? சாதி, கட்சி, பாடசாலை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மனிதரைப் பிரித்த விடயம் அது என்றே சொல்லலாம். இரண்டு பக்கத்தாருக்கும் தெரியாத செய்தி, அவர்கள் சண்டை பிடித்தது ஒரே வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி என்பது. நொட்டிங்ஹாமில் 1887இல் பிராங் பௌடன் கைக்கு வந்த சிறு பட்டறை வளர்ந்து றலி கம்பனியானது. அது 1932இல் ஹம்பர் சைக்கிளையும், 1943இல் றட்ஜையும், 1957இல் பி.எஸ்.ஏ. சைக்கிளையும் வாங்கிக்கொண்டது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிந்திய ஹம்பரின் குழாயும் றலியின் குழாயும் ஒரே கூரையின் கீழ் ஒட்டப்பட்டவை. ஆனாலும் ஹம்பர்க்காரரின் பெருமை முழுப் பொய்யல்ல. ஹம்பரின் முன் போக்கைப் பாருங்கள்: பக்கத்துக்கு ஒரு குழாய்க்குப் பதிலாக இரண்டு மெல்லிய குழாய்கள், மேலிருந்து அச்சு வரை சேர்ந்து இறங்கும். ஓடும்போது அது அதிர்வை எவ்வளவு குறைக்கிறது என்று நான் வாதாட மாட்டேன். நிறுத்திவைத்துப் பார்க்க அதற்கு நிகர் கிடையாது.

இந்தச் சைக்கிள்கள் இங்கே வேரூன்ற நிலம்தான் முதற்காரணம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஏற்றம் என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. மானிப்பாய்க்கு ஒருபக்கம் ஆனைக்கோட்டை வழியாக யாழ்ப்பாண நகரம், மறுபக்கம் சண்டிலிப்பாய், சங்கானை. பள்ளிக்கூடமும் கச்சேரியும் சந்தையும் சைக்கிள் மிதிக்கும் தூரத்துக்குள்ளேயே இருந்தன. ஆசிரியர்மாரும், கிளாக்கர்மாரும், மலாயாவில் உழைத்துப் பென்சனோடு திரும்பியவர்களும் ஆளுக்கொரு இங்கிலீஷ் சைக்கிள் வாங்கினார்கள். கறுப்பு நிறம், கம்பிப் பிறேக், தோல் சீற், பின்னால் கனத்த கரியர், மொத்தம் 20 கிலோவை எட்டும் பாரம். அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, தலைவாசலில் ஏற்றி வைத்து, அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள். பிறகு சீனச் சைக்கிள் வந்தது, லுமாலா வந்தது. இங்கிலீஷ் சைக்கிள் தலைவாசலை விட்டுக் கோடிப்புறத்துக்குப் போனது.

1990இல் எல்லாம் தலைகீழாயிற்று. உள்நாட்டு யுத்தத்தில் பொருளாதாரத் தடை வந்தது, பெற்றோல் மறைந்தது, மின்சாரம் நின்றது. கோடிப்புறத்தில் கிடந்த கிழட்டு றலி மறுபடி தெருவுக்கு வந்து, லொறியும் பஸ்ஸும் அம்புலன்ஸும் செய்த வேலைகளைச் செய்யத் தொடங்கியது. விறகு, நெல்மூட்டை, மண்ணெண்ணெய்க் கான், நோயாளி, பிரேதப்பெட்டி என்று எல்லாமே அதில் ஏறின. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமமே பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குப் போனபோது, அந்த நெரிசலில் சைக்கிளை மிதிக்க இடமிருக்கவில்லை. வீட்டுச் சாமான்களைக் கட்டி உருட்டிக்கொண்டுதான் போனார்கள்.

அதனால் மானிப்பாயில் கிடைக்கும் 1950களின் றலி ஒன்றும், இங்கிலாந்தின் ஏதோ ஒரு கராஜில் கிடைக்கும் அதே ஆண்டு றலி ஒன்றும் பிறப்பால் இரட்டையராக இருக்கலாம். பக்கத்தில் வைத்தால் உறவு தெரியாது. இங்குள்ளதில் கரியரின் கால்கள் இரும்புக் கம்பியால் இரட்டிக்கப்பட்டிருக்கும். பின் போக்கில், அச்சுக்குச் சற்று மேலே, வெல்டிங் தழும்பு இருக்கும். மேற்பாரின் நடுவில் பெயின்ற் சுத்தமாகத் தேய்ந்து இரும்பு மினுங்கும். அங்கே பிள்ளைகள் இருந்து போயிருக்கிறார்கள். பார்க்கத் தவறக்கூடாத இடம் டைனமோப் பூட்டு. 6 வோல்ற் டைனமோ வெளிச்சத்துக்காக வந்த சாமான். தடைக்காலத்தில் பற்றரி இல்லாத வீடுகளில் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் றேடியோவில் பி.பி.சி. தமிழோசை கேட்டார்கள். சுற்றுபவரின் வேகம் குறைந்தால் செய்தி மங்கும். நின்றபடியே அவ்வளவு ஓடிய சைக்கிள்களில் டைனமோப் பூட்டின் துளை வட்டமாக இராது. அதிர்ந்து அதிர்ந்து நீள்வட்டமாகியிருக்கும். உள்ளூர்ச் சபை கொடுத்த பழைய வரித்தகடு ஒன்று கூடவே கிடைத்தால் அது என்னைப் பொறுத்தவரை சைக்கிளை விடப் பெறுமதி.

இதையெல்லாம் சொல்வது ஒரு வழக்கை முன்வைக்கத்தான். இப்போது பழைய சைக்கிளுக்கு மவுசு வந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள், அப்பாவின் சைக்கிளைப் ‘புதுசாக்கி’ வைக்கச் சொல்லிக் காசு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் அடுத்த முறை வரும்போது சைக்கிள் தயாராக இருக்கும்: மணல் வீசிச் சுரண்டி, வெல்டிங் தழும்புகளை அராவி, மினுங்கல் கறுப்பு அடித்து, தங்கக் கோடு இழுத்து, கொம்பியூட்டரில் அச்சடித்த நாரையை ஒட்டி. கலியாண வீட்டு வாசலில் வைக்க நல்லது. எனக்கு அதைப் பார்த்தால் வயிறெரியும். கம்பனியில் சுட்டெடுத்த அந்த எனமல், எழுபது ஆண்டு உப்புக்காற்றைத் தின்றும் பாதியாவது நிற்கிறது. நாம் அடிப்பது இரண்டு மாரிக்குத் தாங்காது. தாங்கினாலும், அப்பா என்ன செய்தார் என்பதற்கு அந்தச் சைக்கிளில் எஞ்சியிருந்த ஒரே சாட்சியை அராவி எறிந்தாயிற்று. பெயின்ற்றில் கைவைக்காமல், துருவை மட்டும் நிறுத்தி, மெல்ல எண்ணெய் பூசி விடுவதுதான் என் கட்சி. குரோமில் ஏறிய துருவைத் தேசிக்காய்ப் புளியும் கசக்கிய அலுமினியத் தாளும் போக்கும். வெல்டிங் தழும்பு அப்படியே இருக்கட்டும், பாரம் தாங்கினால்.

தாங்குகிறதா என்பதில் மட்டும் ரசனைக்கு இடமில்லை. உள்ளே உருளுகிற, இறுகுகிற, நிறுத்துகிற பாகம் எதுவோ அது புதுச் சைக்கிளின் ஒழுங்குக்கு வந்தேயாகவேண்டும். அதில் முதற் சோதனை கிறாங். அந்தக் காலத்துக் கிறாங்கை அச்சோடு பிடித்துவைப்பது கொட்டர் பின் என்ற ஆப்பு. ஒரு பக்கம் சாய்வாக அராவிய, சின்னவிரல் தடிப்பான சாமான். நாற்பது ஆண்டு இறுகிக் கிடந்ததைச் சுத்தியலால் அடித்துக் கழற்றப் போனால் அடி முழுவதும் உள்ளிருக்கும் கப்பிலும் குண்டுகளிலும் விழும். கைதேர்ந்தவர், கிறாங்குக்குக் கீழே நிலத்திலிருந்து ஓர் இரும்புக் குழாயை முட்டுக்கொடுப்பார். முதல்நாளே மண்ணெண்ணெய் விட்டு ஊற வைப்பார். நட்டை முழுதாகக் கழற்றாமல் நுனிவரை தளர்த்திவிட்டு, ஒரே அடி. பத்துத் தட்டுத் தட்டுபவரிடம் சைக்கிளைக் கொடுக்கக்கூடாது. திரும்பப் பூட்டும்போது புதுப் பின்னின் சாய்வை அரத்தால் அராவி அராவிப் பொருத்தவேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு சாயாவிட்டால், கிறாங் இரண்டும் நேர்கோட்டில் நிற்காது. ஒரு கால் முந்தி வருவது போல மிதிப்பவருக்குத் தெரிந்துகொண்டேயிருக்கும்.

அதைவிடப் பொல்லாதது புரி. மற்ற இங்கிலீஷ் சைக்கிள்களின் அடிக்குழலில் அங்குலத்துக்கு 24 புரி. றலி தனக்கென்று 26 புரி வைத்துக்கொண்டது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வேறு கப் ஒன்று இரண்டு சுற்று இலேசாக ஏறும், மூன்றாவது சுற்றில் இறுகும். அவசரக்காரர் அங்கேதான் நீளக்கைச் சாவியை எடுப்பார். அத்தோடு குழலின் புரி போய்விடும், சட்டம் குப்பைக்குப் போகும். ஆகவே பழைய கப் மோசமாயிருந்தாலும், பக்கத்துக்குக் கால் அங்குலக் குண்டு பதினொன்று புதிதாகப் போட்டு, கிறீஸ் நிரப்பி, அதையே பூட்டி ஓடுவது மேல்.

ஆனால் ஒருவரின் கையை அறிய நான் பார்ப்பது சில்லு கட்டும் விதத்தை. இங்கிலீஷ் சைக்கிளில் முன் சில்லுக்கு 32 கம்பி, பின் சில்லுக்கு 40. பாரம் பின்னால் இருப்பதால் கம்பியும் பின்னால் கூட என்ற நேரிய கணக்கு. முன்னுக்கு ஒரு கம்பி மூன்றைக் குறுக்கே கடக்கும், பின்னுக்கு நாலை. கட்டி முடித்ததும் எல்லாம் தளர்வாக, சல்லடை போல ஆடும். அங்கிருந்துதான் வேலை. றிம் பக்கவாட்டில் நெளிகிறதா, மேல்கீழாகத் துள்ளுகிறதா, ஹப்புக்கு நடுவில் நிற்கிறதா: மூன்றும் ஒன்றையொன்று கெடுக்கும் கேள்விகள். நெளிவை எடுத்தால் துள்ளல் வரும், துள்ளலை எடுத்தால் நடு விலகும். காற்சுற்று, அரைச்சுற்று என்று நிப்பிளைத் திருகித் திருகி மூன்றையும் ஒருங்கே சமாதானப்படுத்தவேண்டும். மானிப்பாயில் எனக்குத் தெரிந்த சைக்கிள்கடை அண்ணை ஒருவர், மீற்றரோ தாங்கியோ இல்லாமல், சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, போக்கோடு ஒரு தீக்குச்சியைச் சேர்த்துப் பிடித்தே நெளிவு பார்ப்பார். கடைசியில் நகத்தால் கம்பிகளைத் தட்டிக் கேட்பார். ஒரே பக்கக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் பேசவேண்டும். ஒன்று மட்டும் கீழே இறங்கினால் அந்த இடத்தில் றிம் களவாக வளைந்திருக்கிறது, மற்றக் கம்பிகள் அதை மறைத்து இழுத்து வைத்திருக்கின்றன என்று பொருள். அந்த றிம்மை அவர் கட்டமாட்டார். “உது இண்டைக்கு நேராத்தான் நிக்கும் தம்பி. நெல்லு ஏத்தின அண்டைக்குத் தன்ர குணத்தைக் காட்டும்” என்பார். அவர் கட்டிய சில்லில் முதல் ஓட்டத்தில் ‘டிக்’, ‘டிக்’ என்ற சத்தம் வருவதில்லை. கம்பிகளை இருகையாலும் சோடிசோடியாக நசுக்கி, முறுக்கத்தை முன்னரே விடுவித்துவிடுவார். செய்கிறவர்கள் குறைந்துபோன வேலை அது.

சில றலிகளின் பின் ஹப்பில் ஒரு சிறு எண்ணெய் மூடியும், அச்சிலிருந்து வெளியே வரும் மெல்லிய சங்கிலியும் இருக்கும். அது ஸ்டேமி-ஆச்சர் மூன்று கியர் ஹப். 1930களில் வந்த ஏ.டபிள்யூ. என்ற வகைதான் அதிகம். உலக யுத்தத்துக்குப் பிந்தியவற்றின் உடம்பிலேயே செய்த ஆண்டும் மாதமும் குத்தியிருக்கும். சைக்கிளின் வயது பற்றி வீட்டுக்காரர் சொல்லும் கதைக்கு அது பதில் சொல்லும். உள்ளே சூரியனைக் கோள்கள் சுற்றுவது போன்ற பற்சக்கர ஒழுங்கு. நடுக் கியர் நேரடி, கீழ்க் கியர் கால் பங்கு இலேசு, மேல் கியர் மூன்றில் ஒரு பங்கு கடுமை. ஏற்றமில்லாத ஊரில் கியர் எதற்கு என்று கேட்பவர் வைகாசி, ஆனியில் பொன்னாலைப் பாலத்தில் சைக்கிள் மிதித்திராதவர். எங்களுக்கு மலை காற்றில் இருக்கிறது. சோளகம் கிளம்பினால், இரண்டு பக்கமும் கடல் விரிந்த அந்த நீண்ட பாலத்தில், காரைநகருக்குப் போகும்போது நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துக் கொண்டுவந்து விடும். போகக் கீழ்க் கியர், வர மேல் கியர். இந்த ஹப்பைத் திருத்துவோர் செய்யும் கொடுமை, உள்ளே கிறீஸை அடைப்பது. கிறீஸ் இறுகினால் சின்னஞ்சிறு கொக்கிகள் எழும்பாது. மெல்லிய மோட்டார் எண்ணெய் சில துளி போதும். கம்பியின் இழுவையையும் சரியாக வைக்கவேண்டும். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் எதையும் பிடிக்காத ஒரு வெற்றிடம் உண்டு. எழுந்து நின்று மிதிக்கும்போது அதில் விழுந்தால் பல்லுக்கு உத்தரவாதமில்லை.

இந்தக் காற்றுக் கணக்குத்தான் என்னை வேறொரு சைக்கிளிடம் கொண்டுபோய்விட்டது. இங்கிலாந்தில் 1890களில், பொதுவீதியில் கூட்டமாகப் பந்தயம் ஓடுவதைச் சைக்கிள்காரரின் தேசிய சங்கமே தடைசெய்தது. பொலிசுக்குப் பயம். அதற்கு எப்.ரி. பிட்லேக் என்பவர் 1895இல் ஒரு தந்திரம் கண்டார்: ஒவ்வொருவராக, இடைவெளி விட்டு, விடியற்காலையில் அனுப்பு, கடிகாரத்தோடு மட்டும் ஓடட்டும். கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்புடுப்பு, பாதைக்கு இரகசியக் குறியீடு. பந்தயமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லலாம். அந்தக் களவு விளையாட்டுக்காகச் செதுக்கப்பட்டவைதான் பழைய ரைம் ரயல் சைக்கிள்கள். அவற்றின் அழகு நீக்கத்தில் இருக்கிறது. மட்காட் இல்லை, மணி இல்லை, பல சைக்கிள்களில் கியரும் இல்லை. பின் சில்லோடு இறுக்கிய ஒற்றைப் பல்லு. 1956இல் றே பூட்டி 100 மைலை 3 மணி 58 நிமிடம் 28 செக்கனில் ஓடி, போட்டியில் நான்கு மணித்தியாலத்தை முதலில் உடைத்தது ஒரு றலியில், ஒற்றை 84 அங்குலக் கியரில். 27 அங்குலச் சில்லு, முன்னுக்கு 56 பல்லு, பின்னுக்கு 18 என்றால் அந்த 84 வரும். பெடல் ஒரு சுற்று, வீதி 6.7 மீற்றர். எங்கள் ஊர் றலிகளின் கியர் 70ஐச் சுற்றித்தான் நிற்கும்.

பிறகு காற்றை ஏமாற்றும் காலம் வந்தது. 1989 பிரான்ஸ் சுற்றின் கடைசி நாள் 24.5 கிலோமீற்றரில், கை இரண்டையும் முன்னே நீட்டிப் படுக்கும் ஹான்டிலோடு கிறெக் லெமண்ட் வந்து, முழுச் சுற்றையும் 8 செக்கனால் வென்றார். 1993இல் ஸ்கொட்லாந்தின் கிரயம் ஓப்ரி, தானே ஒட்டிய, உடுப்புத் தோய்க்கும் மெஷினின் பெயரிங் போட்ட சைக்கிளில், ஒரு மணித்தியாலத்தில் 51.596 கிலோமீற்றர் ஓடி உலக சாதனை வைத்தார். தடைக்காலத்து மானிப்பாய்ச் சைக்கிள்கடைக்கு அந்தப் பெயரிங் கதை புதுமையாகவே இருந்திராது.

அப்படியொரு ரைம் ரயல் சட்டம் லண்டனிலிருந்து, உறவினர் ஒருவரின் சாமான்களோடு கப்பலில் வந்து என்னிடம் சேர்ந்தது. குழாய் றெனல்ட்ஸ் 531. 1935இல் வந்த, மங்கனீசும் மொலிப்டினமும் கலந்த உருக்கு. நடுவில் மெலிந்து, ஒட்டு விழும் முனைகளில் மட்டும் தடித்திருக்கும். வெளியே பார்த்தால் ஒரே பருமன். நகத்தால் தட்டினால் நடுவிலும் முனையிலும் வேறுவேறு ஒலி. றலியின் முன்குழாய் 70 பாகைக்கும் கீழே சாய்ந்து நிற்கும். குண்டும் குழியுமான வீதியில் அது மெல்ல மிதந்து போகும். இதன் முன்குழாய் 73 பாகைக்கு நிமிர்ந்து நிற்கிறது. கையை அசைக்க நினைக்கும் முன்னரே திரும்பிவிடும்.

அண்ணையின் கடையில் அதைக் கொண்டுபோய் நிறுத்தியபோது அவர் ஒட்டு மூட்டுகளை விரலால் தடவிப் பார்த்தார். மூட்டுத் தகட்டின் ஓரம் அராவி மெலிந்து, பித்தளை ஒரு மயிரிழைக் கோடாக மட்டும் வெளித்தெரிந்தது. “இது காசுக்குச் செய்த வேலையில்லை” என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு நான் கேட்டதில்லை. சிக்கல் சில்லில் வந்தது. சட்டம் 27 அங்குலத்துக்கானது, ரயர் உட்காரும் வட்டம் 630 மில்லிமீற்றர். ஊர் றலியின் 28 அங்குல ரயர் 635. பார்வைக்குப் பொருந்தும், காற்றடித்தால் கழன்று பறக்கும். கொழும்பில் எடுக்கக்கூடியது 700சி, அது 622. அதைப் போட்டால் பிறேக் கட்டை 4 மில்லிமீற்றர் கீழே இறங்கவேண்டும். பிறேக்கின் கை அந்தளவுக்கு நீளுமா என்று அளந்து பார்த்தோம், நீண்டது. தூய்மைவாதிகள் 27ஐத் தேடி இன்னும் இரண்டு வருடம் சுவரில் சாத்திவைப்பார்கள். சைக்கிள் என்றால் ஓடவேண்டும் என்பதில் நானும் அண்ணையும் ஒரே கட்சி. இறுக்கப் பல்லின் பூட்டு வளையம் இடப்பக்கம் திருகினால்தான் இறுகும் என்பதை மட்டும் அவருக்குச் சொன்னேன். அவர் சொல்லுமுன்னே கண்டுபிடித்திருந்தார்.

விடியக் காலை ஐந்தரைக்கு, சண்டிலிப்பாய், சங்கானை, மூளாய் தாண்டிப் பொன்னாலைப் பாலத்தில் அதை ஓட்டினால், 84 அங்குலம் சோளகத்தில் என்ன விலை கேட்கும் என்று தொடை சொல்லும். கடிகாரத்தை நான் பார்ப்பதில்லை. பழைய றலியில் வரும் மீன்காரர் ஒருவர் அங்கே அடிக்கடி எதிரே வருகிறார், பின்காற்றில், மூன்றாவது கியரில்.

இப்போது எனக்கும் அண்ணைக்கும் இடையில் ஒரேயொரு பிரச்சினைதான் பாக்கி. கரியர் இல்லாத சைக்கிளை அவரால் முடிந்த வேலையாக ஏற்க முடியவில்லை. “ஓடுறதுக்குச் சரி. வரேக்கை ஒரு தேங்காயாவது கொண்டு வரவேண்டாமே?” என்கிறார். பின் போக்கில் கரியருக்கான காது கிடையாது. மெல்லிய 531இல் துளைபோட நான் விடப்போவதில்லை, வெல்டிங் பேச்சையே எடுக்கவேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். சீற் தண்டில் மட்டும் கவ்விப் பிடிக்கிற மாதிரி, ஒரு தேங்காய், கூடினால் இரண்டு தேங்காய் தாங்கும் சாமான் ஒன்றைத் தகட்டில் வரைந்து வைத்திருக்கிறார். கவ்வும் இடத்துக்குப் பழைய ரியூப் துண்டு சுற்றுவதாக உறுதிமொழி. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.